எட்டு மணி நேரப் படகு

என் அப்பாவுக்கு விடுமுறை எடுக்கத் தெரியாது. தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் தீபாவளிக்கு இரண்டு நாள், பொங்கலுக்கு ஒரு நாள் வீட்டில் இருப்பார். அந்த நாள்களிலும் மாலையானால் ஒருமுறை அணைக்கரைப் பக்கம் போய்விட்டு வருவார். பிறகு கிள்ளானில் ஒரு கிடங்கில் இருபது ஆண்டுகளுக்கு மேல் காவலாளியாக இருந்தார். இப்போது பிரிக்பீல்ட்ஸில் எங்களோடு இருக்கிறார். எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்பக்கத்து ஐந்தடியில் நின்றால் கிள்ளான் ஆறு தெரியும். காலையில் தேநீர்க் குவளையோடு அங்கே நின்று, “இன்னிக்குத் தண்ணி கலங்கல். மேல எங்கேயோ மழை” என்பார். இரு பக்கமும் காங்கிரீட் சுவர் கட்டிய ஆறு அது. அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் அவரைக் கேரளாவுக்கு அழைத்துச் சென்றேன். என் மகள் அப்போது இரண்டாம் படிவம் முடித்திருந்தாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. நான் பாடத்திட்ட அதிகாரி. எந்த வேலையையும் அட்டவணையாகப் போட்டால்தான் எனக்கு நிம்மதி. ஆறு நாள் பயணத்தை நேரம் வாரியாக எழுதி அச்சடித்து வைத்திருந்தேன். அதில் ஒரு கட்டத்தில் ‘படகு வீடு, ஒரு மணி நேரம்’ என்று இருந்தது.

எங்கள் மாடியில் ஒரு மலையாளி ஆன்ட்டி இருக்கிறார். ஆலப்புழை அவருக்குத் தாய் பிறந்த ஊர். அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “படகு வீட்டுல ஏறிப் படுத்துக்கிட்டு ஏசி போட்டுக்கலாம். உங்கப்பாவுக்கு அது ஒத்துவராது. ஆலப்புழையிலேர்ந்து கொல்லம் போற படகுல ஏத்து. காலையில பத்தரைக்கு ஏறினா சாயங்காலம் ஆறரைக்குத்தான் இறக்கி விடுவான். நடுவுல ஒரு லாக் வரும். படகைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டித் திறப்பாங்க” என்றார்.

எட்டு மணி நேரம்! தூரம் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டேன். பேருந்தில் போனால் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால், ‘பூட்டித் திறப்பாங்க’ என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்தப் பக்கம் கடல்?” என்று ஆன்ட்டியைக் கேட்டார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவே, “போய்ப் பார்த்துக்கலாம்” என்றார். அவர் வாயிலிருந்து ஓர் ஊருக்குப் போகலாம் என்று வந்தது அதுவே முதல் முறை. அட்டவணையைத் திருத்தினேன்.

கொச்சியில் இறங்கி ஆலப்புழைக்குக் காரில் போகும்போது வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே ஓர் அணையைக் கடந்தோம். தண்ணீர்முக்கம் அணை என்று ஓட்டுநர் சொன்னார். அதன்மீது சாலை, கீழே வரிசையாக இரும்புக் கதவுகள். நீளம் ஏறத்தாழ 1400 மீட்டர். 1970களின் நடுவில் பயன்பாட்டுக்கு வந்த அணை அது. அப்பா, “வண்டியை நிறுத்தச் சொல்லு” என்றார். இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கதவுகளின் அடிப்பக்கத்தையே பார்த்தார்.

அந்த அணைக்குப் பின்னால் ஒரு தீராத வழக்கு இருக்கிறது. அணைக்குத் தெற்கே குட்டநாடு. கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலத்தில் நெல் விளையும் பகுதி. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் அதை உலகச் சிறப்புமிக்க வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றது. மழை நின்றதும் ஆறுகளில் நீர் குறையும். அப்போது கடலின் உப்புநீர் காயல் வழியாக ஏறி வயலுக்கு வந்துவிடும். அதனால் டிசம்பர் நடுவில் கதவுகளை மூடி, மார்ச் நடுவில் திறப்பது வழக்கம். அறுவடை தாமதமானால் திறப்பதும் தள்ளிப்போகும். மூடினால் நெல் பிழைக்கும். ஆனால், உப்புநீரை நம்பி வாழும் மீனும் இறாலும் மேலே வர முடியாது, நீர் தேங்கும், ஆகாயத்தாமரை மண்டும். மீனவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். உழவருக்கு மூடியிருக்க வேண்டும். இரு தரப்பாரும் ஏழைகள். இரு தரப்பார் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நாள் குறிப்பதில் இழுபறிதான்.

நாங்கள் போனபோது கதவுகள் இன்னும் மூடப்படவில்லை. ஓட்டுநர் சொன்னதையெல்லாம் கேட்ட அப்பா, “கதவுக்காரன் திறந்தாலும் ஒருத்தன் திட்டுவான், மூடினாலும் ஒருத்தன் திட்டுவான்” என்றார். அப்புறம் ஆலப்புழை வரும்வரை பேசவில்லை.

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் கிள்ளானுக்குத் தெற்கே, கடலோரத் தோட்டம் ஒன்றில் ‘பிந்து ஆயேர்’ காவலாளியாக இருந்தார். பிந்து ஆயேர் என்பது தண்ணீர்க் கதவு. அந்தத் தோட்டத்தின் நிலம், கடல் ஏறும்போது இருக்கும் மட்டத்தைவிடத் தாழ்வானது. கடலோரமாக மண் அணை. அணையை அறுத்துச் செல்லும் பெரிய கால்வாய். கால்வாயின் வாயில் மேலே கீல் வைத்துத் தொங்கவிட்ட கனத்த மரக்கதவு. கடல் இறங்கும்போது தோட்டத்து மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது கடலே கதவைத் தள்ளி மூடிவிடும். ஆள் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். “அப்ப உங்களுக்கு என்ன வேலை தாத்தா?” என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். “அது மூடுதான்னு பார்க்கிற வேலை” என்றார் அப்பா.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஓர் இரவில் அது மூடவில்லை. காலையில் நாங்கள் எழுந்தபோது லயத்துக்குப் பக்கத்துக் கால்வாயில் கடல்மீன் துள்ளியது. பிள்ளைகளெல்லாம் கூடையும் துண்டும் கொண்டு மீன் பிடித்தோம். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. தென்னைகளுக்கு இடையில் கொக்கோ நட்டிருந்தார்கள். தென்னை உப்பைத் தாங்கிக்கொண்டது. கொக்கோ இலைகள் சில நாளில் கருகித் தொங்கின. ஒரு மாதத்துக்குள் நாங்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போனோம். “உங்கப்பா தூங்கிட்டாரு” என்று பள்ளியில் ஒரு பையன் சொன்னான். அவனை அடித்தேன். அம்மா, “அப்பாகிட்ட அதைப் பத்திக் கேட்காதே” என்றார். நான் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கவில்லை.

ஆலப்புழை படகுத்துறையில் படகு நேரத்துக்குக் கிளம்பியது. மேல்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், வெளிநாட்டவர் பத்துப் பன்னிரண்டு பேர், வடநாட்டுக் குடும்பம் ஒன்று, நாங்கள். நேரு கோப்பைப் படகுப் போட்டி நடக்கும் புன்னமடைக் காயலைத் தொட்டுவிட்டு, தென்னை வரிசைகளுக்கு நடுவே படகு தெற்கே திரும்பியது. முதல் அரை மணி நேரம் என் மகள் கைப்பேசியில் படமெடுத்தாள். அதற்கடுத்த அரை மணி நேரம், “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டாள். நானும் மனத்துக்குள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வேகத்துக்குப் பழக நேரம் பிடிக்கத்தான் செய்தது. காரில் போகும்போது ஊர்கள் நம்மைக் கடந்து ஓடுகின்றன. இந்தப் படகிலோ ஒரு பெண் படித்துறையில் பாத்திரம் துலக்கத் தொடங்கியதையும் பார்த்தோம்; முடித்து எழுந்து போனதையும் பார்த்தோம். சீருடை அணிந்த பள்ளிப் பிள்ளைகள் சிறு தோணியில் எதிரே வந்து கையசைத்தார்கள். அஞ்சல்காரர் ஒருவர் கடிதத்தைக் கரையில் நின்றவரிடம் தோணியிலிருந்தபடியே நீட்டினார். வாத்துக் கூட்டம் ஒன்றைத் தோணியில் உட்கார்ந்து ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். நூற்றுக்கணக்கான வாத்துகள். எங்கள் படகு அவற்றுக்காக நின்றது. யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு வந்தது அப்பாவின் காட்சி. ஆற்றின் மட்டம் மேலே. கரைக்கு அந்தப் பக்கம் வயல் கீழே. படகின் மேல்தளத்தில் இருந்ததால் நன்றாகத் தெரிந்தது. ஆள் உயரம் தாழ்வான வயல்! புதிதாக விதைக்க, வயலில் நின்ற நீரை இறைத்து ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ‘பெட்டியும் பறையும்’ என்று மலையாளத்தில் பெயர். மரப்பெட்டியும் மர உருளையுமாக இருக்கும் இறைப்பான் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சியில் இருந்த ஜார்ஜ் பிரண்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் வடிவமைத்தது. அதற்கு முன் மனிதர்கள் உயரத்தில் உட்கார்ந்து காலால் சக்கரத்தை மிதித்து நீர் இறைத்தார்கள். “நம்ம தோட்டம் மாதிரியே இருக்கு. இங்க நெல்லு, அங்க தென்ன” என்றார் அப்பா. ‘நம்ம தோட்டம்’ என்று அவர் சொல்லி நான் கேட்டு எத்தனையோ ஆண்டுகள்.

கருமாடியில், கரையோரத்தில் ஒரு கரும்புத்தர் சிலை இருக்கிறது. ‘கருமாடிக்குட்டன்’ என்று ஊரார் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் உடைந்துபோன சிலை. தோட்டப்பள்ளியில், வெள்ளக் காலத்தில் ஆற்றுநீரைக் கடலுக்குத் திருப்பிவிடும் மதகுகளைத் தொலைவில் பார்த்தோம். அடுத்து பல்லனை. மலையாளத்தின் பெருங்கவிஞர் குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் இங்கேதான் இறந்தார். கொல்லத்திலிருந்து இரவில் வந்த ‘ரெடீமர்’ என்ற படகு கவிழ்ந்தது. அவருக்கு அப்போது வயது ஐம்பது. படகு ஊழியர் நினைவிடத்தைக் கைகாட்டிப் பெயரைச் சொன்னதும் மேல்தளம் சற்று அமைதியானது. என் மகள் மிதவைச் சட்டைகள் எங்கே இருக்கின்றன என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

மதிய உணவுக்கு ஆற்றங்கரைக் கடை ஒன்றில் நிறுத்தினார்கள். வாழை இலை, சிவப்பரிசிச் சோறு, கரிமீன் பொரியல். அப்பா வேகமாகச் சாப்பிட்டுவிட்டு எல்லாருக்கும் முன்னால் படகில் போய் உட்கார்ந்தார்.

பிற்பகலில் திருக்குன்னப்புழை லாக் வந்தது.

லாக் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? தொழில்முறையில் எனக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நம் முன்னோர் ஏரிக்கும் ஆற்றுக்கும் மதகு, மடை, கலிங்கு, குமிழி என்று விதவிதமாகப் பெயர் வைத்தவர்கள். ஆனால், படகை ஏற்றி இறக்கும் இந்த இரட்டைக் கதவு அமைப்புக்கு மக்கள் வாயில் பழகிய சொல் அமையவில்லை. சென்னையில் பக்கிங்காம் கால்வாயில் இத்தகைய கதவுகள் இருந்தன. 1930களில் பாரதிதாசன் நண்பர்களோடு அந்தக் கால்வாயில் இரவில் தோணியேறி மாமல்லபுரம் போனார். அந்தப் பயணத்தைப் பாட்டாகவும் எழுதினார். இன்று சென்னை நகருக்குள் அதே கால்வாயின் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அந்தக் கதவை அங்கே மக்கள் ‘லாக்’ என்றே சொன்னார்கள். ‘லாக் நகர்’ என்று ஒரு குடியிருப்பே இருக்கிறது. ‘நீர்ப்பூட்டு’ என்று அகராதிக்காக எழுதலாம். அப்பாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். “பூட்டுன்னா சாவி வேணுமே” என்றார்.

அமைப்பு எளிமையானதுதான். இரு மட்டத்து நீருக்கு நடுவே ஒரு தொட்டி. தொட்டியின் இரு முனையிலும் கதவு. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடுவார்கள். பிறகு சிறு திறப்புகள் வழியாக நீரை உள்ளே விட்டோ வெளியேற்றியோ, முன்பக்க மட்டத்துக்குத் தொட்டியின் மட்டத்தைக் கொண்டுவருவார்கள். மட்டம் சமமானதும் முன்கதவு எளிதாகத் திறக்கும். நீரே படகைத் தூக்கும், நீரே இறக்கும். சீனத்தில் 984ஆம் ஆண்டு ஓர் அதிகாரி இந்த முறையைக் கொண்டுவந்தார். அதுவரை சரிவில் கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள், படகுகள் உடைந்தன, அந்தச் சமயம் பார்த்து அரசாங்கத் தானியம் திருடு போனது. 1914இல் திறந்த பனாமாக் கால்வாயிலும் இதே தத்துவம்தான். அங்கே பெருங்கப்பல்களை 26 மீட்டர் தூக்கி இறக்குகிறார்கள்.

திருக்குன்னப்புழையில் அப்படி ஒன்றும் உயரமில்லை. ஒரு சாண் வேறுபாடுகூட இருக்காது. இந்தக் கதவின் நோக்கம் படகைத் தூக்குவது அன்று; தெற்கே இருக்கும் காயங்குளம் காயலின் உப்புநீர் குட்டநாட்டுக்குள் ஏறாமல் தடுப்பது. படகுக்கும் வழி விட வேண்டும், உப்புக்கும் வழி விடக் கூடாது. அதற்குத்தான் இரண்டு கதவுகள்.

எங்கள் படகு குறுகலான தொட்டிக்குள் மெல்ல நுழைந்தது. இரு பக்கச் சுவரும் கையெட்டும் தூரத்தில் பாசி படிந்து நின்றன. மேலே மடித்துக் கட்டிய வேட்டியோடு ஒரு முதியவர். அவர் உடனே கதவை மூடவில்லை. நீண்ட மூங்கில் கழியால், கதவு வந்து பொருந்தும் இடத்தில் மிதந்த ஆகாயத்தாமரைகளைத் தள்ளினார். கழியை நீருக்குள் விட்டு அடியில் துழாவினார். ஒரு தேங்காய் மட்டை மேலே வந்தது. அதை ஒதுக்கிவிட்டு மறுபடியும் துழாவினார். வெளிநாட்டவர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா எழுந்து நின்று, “சரியா செய்றான்” என்றார். மிக மெல்லச் சொன்னார்.

கதவு மூடியது. நீரில் சலசலப்பு. என் மகள் சுவரில் இருந்த ஒரு பாசிக்கோட்டைக் குறிவைத்து, நாங்கள் இறங்குகிறோமா ஏறுகிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பனாமாக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்கதவு திறந்து, படகு நகர்ந்து, தொட்டியை விட்டு வெளியே வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது.

அந்த ஒரு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. எழுபத்தாறு வயது, மொழி தெரியாத ஊர், கடப்பிதழ் என் பையில். “தாத்தா!” என்று மகள் கத்தினாள். கீழ்த்தளத்தில் இல்லை. படகு ஊழியரிடம் எதை எந்த மொழியில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் அமைதியாகக் கரையைக் காட்டினார். அப்பா லாக்கின் சுவர்மேல் அந்த முதியவரோடு நின்றுகொண்டிருந்தார். படகு சுவரை ஒட்டி நின்றபோது, கீழ்த்தளத்திலிருந்து அவர் கைகொடுக்க ஏறிவிட்டாராம். அப்பா தமிழில் கேட்க, அவர் மலையாளத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் கையால் கதவின் அடிப்பகுதியைப் போல ஒரு வடிவம் காட்டினார்கள். படகோட்டி சிரித்துக்கொண்டே சற்றுத் தள்ளிக் கரையோரமாக நிறுத்தினார். முதியவர் அப்பாவின் முழங்கையைப் பிடித்து நடத்திக் கொண்டுவந்தார். அப்பாவின் மற்றொரு கையில் அந்த மூங்கில் கழி இருந்தது. படகில் ஏறும்போதுதான் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் கோபப்பட்டேன். சத்தமாகவே கோபப்பட்டேன். “சொல்லிட்டுப் போகக் கூடாதாப்பா? நான் செத்துட்டேன்!” அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் குடித்தார். என் மகள்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அந்தக் கழி எதுக்குத் தாத்தா?” என்று கேட்டாள்.

“கதவு மூடணும்னா அடிக்கட்டையில ஒண்ணும் இருக்கக் கூடாது, தாயி. ஒரு விரல்கடை சந்து இருந்தாலும் கடல் உள்ள வந்துரும்” என்றார். “இங்க கடல் ஏறுறது கொஞ்சம்தான். ஒரு மீட்டர். கிள்ளான்ல பெரிய தண்ணி அன்னிக்கு நாலு மீட்டருக்கு மேல ஏறும். நிறுத்த முடியாது.”

பிறகு, அவளைப் பார்த்துக்கொண்டே, எனக்கும் கேட்கும்படி, அந்த இரவைச் சொன்னார்.

நள்ளிரவுக்குப் பக்கம் கடல் முழுவதும் இறங்கியிருந்தது. தோட்டத்து மழைநீர் வேகமாக வெளியேறிக்கொண்டிருந்தது. கால்வாயில் ஒரு தென்னங்கட்டை மிதந்து வந்து, கதவுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே சரியாக மாட்டிக்கொண்டது. அதை இழுக்க இரும்புக் கொக்கி வைத்த கழி ஒன்று இருந்தது. கொக்கி உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதிது கேட்டிருந்தார், வரவில்லை. கடல் திரும்பி ஏறத் தொடங்கியது. அப்பா தண்ணீருக்குள் இறங்கினார். கட்டையைத் தோளால் தள்ளினார். வரவில்லை. கடல் கதவை அழுத்த அழுத்தக் கட்டை இன்னும் இறுகியது. கோணிப்பையில் மண் நிரப்பிச் சந்தில் அடைத்தார்; பை பிய்த்துக்கொண்டு போனது. கூப்பிட்டார். லயம் ஒரு மைலுக்கு அப்பால். ஓடிப்போய் ஆள் கூட்டி வரலாமா, அந்த நேரத்தில் பைகளைப் போடலாமா என்று யோசித்து, நின்று பைகளைப் போட்டார். நெஞ்சளவு தண்ணீரில் விடியும்வரை நின்றார். விடிந்த பிறகும் கடல் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

“ஓடியிருக்கணுமோ என்னமோ” என்றார். “அதைத்தான் அந்தக் கிழவர்கிட்ட கேட்டேன். அவருக்குப் புரிஞ்சுது. ஒத்தை ஆளா நின்னா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு கையைக் காட்டினார்.”

“அப்புறம் எல்லாரும்…” என்று நான் தொடங்கி நிறுத்தினேன்.

“தாள் கொண்டு வந்தாங்க. காவலாளி கவனக்குறைவுன்னு அதுல எழுதியிருந்துச்சாம். அப்புறம்தான் கிராணி சொன்னார். எனக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது. கீழ தமிழ்ல கையெழுத்துப் போட்டேன்.”

“கொக்கி உடைஞ்சதை நீங்க சொல்லலையாப்பா?”

“சொன்னேனே. நான் சொன்னேன். எழுதினது அவங்க.”

பிறர் எழுதிய வாக்கியங்களைச் சிவப்பு மையால் திருத்துவது என் தொழில். அன்று எனக்குத் திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை. காயங்குளம் காயல் விரிந்து கிடந்தது. கரை இரு பக்கமும் விலகிப் போய், சீன வலைகள் பெரிய கைகளைப் போல நீரின் மேல் தொங்கின.

“நீ என்ன நினைச்சே? நான் தூங்கிட்டேன்னா?” என்று அப்பா கேட்டார். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

“சின்ன வயசுல” என்றேன்.

“பெரிய வயசுல?”

பொய் சொல்லியிருக்கலாம். “தெரியலப்பா. கேட்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. கேட்காமலே இருந்துட்டேன்” என்றேன்.

அவர் தலையை மட்டும் அசைத்தார். வெகுநேரம் வலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வலை நீரிலிருந்து எழுந்தது. நடுவில் கொஞ்சம் மீன் மின்னியது. “கல்லைக் கட்டி எடை சரிபண்ணியிருக்கான் பாரு” என்று என் மகளுக்குக் காட்டினார். என்னிடமும் காட்டினார்.

தேநீருக்கு நிறுத்திய இடத்தில் பழம்பொரி கிடைத்தது. நம் ஊர்ப் பீசாங் கோரேங்கேதான். பழம் மட்டும் நீளவாக்கில். அப்பா மூன்று தின்றார். அதன் பிறகு கடலும் கால்வாயும் ஏறத்தாழ ஒட்டியே போகின்றன. நடுவில் ஒரு மணல் துண்டு. அதில் வீடுகள், கோவில்கள், பள்ளிகள். அலையோசை கேட்கிறது, கடல் தெரிவதில்லை. சவரா பக்கத்தில் கனிம மணல் எடுக்கும் இடங்களைத் தாண்டினோம். அஷ்டமுடிக் காயலுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எட்டு மணி நேரம் ஆகப்போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டவணைத் தாள் என் பையில் எங்கோ கசங்கிக் கிடந்தது.

என் மகள் பள்ளி விடுமுறைக்கு நாட்குறிப்பு எழுத வேண்டும். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டதால் அதை வெளியே எடுத்தாள். “தாத்தா, அந்தக் கதவுக் கதையை எழுதட்டுமா?” என்று கேட்டாள். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் எழுதி எழுதிப் படித்துக் காட்டினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “‘ஒரு கட்டை மாட்டிக்கொண்டது’ன்னு போடாதே, ‘தென்னங்கட்டை’ன்னு போடு” என்றார். அவள் திருத்தினாள். “கொக்கி உடைஞ்சு ரெண்டு மாசம். அதை முதல்ல எழுது.” அதையும் திருத்தினாள். கொல்லம் துறையின் விளக்குகள் நீரில் தெரியத் தொடங்கின. ஊழியர்கள் கயிறுகளை எடுத்தார்கள். மற்றவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு படிப்பக்கம் போனார்கள்.

“தேதி என்ன தாத்தா?” என்றாள்.

“தேதி நினைவில்ல. பௌர்ணமி கழிஞ்சு ரெண்டாம் நாள். அப்பத்தான் தண்ணி அவ்வளவு ஏறும். அப்படியே எழுது” என்றார்.